மளிகைக் கடைக்காரர் ஜான் வாக்கர்

ஜானி வாக்கர்.

இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. குடிக்கிறவர்களுக்கும் தெரியும். குடிக்காதவர்களுக்கும் தெரியும். ஆவடி ராணுவக் குடியிருப்பிலும் தெரியும். பூந்தமல்லிக் கடைத்தெருவிலும் தெரியும். பழைய இந்திப் படங்களில் சிரிப்பு மூட்டிய நடிகர் ஒருவருக்கும் இதுதான் பெயர். அவருடைய சொந்தப் பெயர் பத்ருதீன் காஜி. டைரக்டர் குருதத் அவருக்கு விஸ்கியின் பெயரையே வைத்துவிட்டார்!

புட்டியின் மேல் இருக்கும் பெயருக்கு உரியவர் யார்? பெரிய சீமானா? சாராயத் தொழிற்சாலை முதலாளியா?

இரண்டும் இல்லை. அவர் ஒரு மளிகைக் கடைக்காரர். தேயிலை, சர்க்கரை, மிளகு இவற்றை நிறுத்துப் பொட்டலம் கட்டி விற்றவர். விஸ்கி காய்ச்சும் தொழிற்சாலை அவருக்கு இருந்ததே இல்லை.

வாங்க வருகிறவரின் நாக்கு எப்படிப்பட்டது, மடியில் எவ்வளவு காசு இருக்கிறது என்று பார்த்துச் சரக்குக் கொடுத்தார். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவர் பெயரை உலகம் முழுவதும் கொண்டுபோனது.

தந்தை இறந்தார்

இங்கிலாந்துக்கு வடக்கே இருப்பது ஸ்காட்லாந்து. குளிர் நாடு. அங்கே அயர்ஷயர் மாவட்டத்தில் கில்மார்னாக் என்று ஓர் ஊர். கம்பள நெசவுக்கும் காலணிக்கும் பெயர் பெற்ற ஊர் அது. ஊருக்குப் பக்கத்தில் டோட்ரிக்ஸ் என்ற பண்ணை இருந்தது. அங்கேதான் 1805-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி ஜான் வாக்கர் பிறந்தார்.

அப்பா பெயர் அலெக்சாண்டர். விவசாயி. அவர் உயிரோடு இருந்திருந்தால் மகனும் ஏர் பிடித்திருப்பார். இந்தக் கதையே நடந்திருக்காது.

1819-ல் அப்பா இறந்தார். ஜானுக்கு அப்போது வயது 14.

பதினாலு வயதுப் பையனால் பண்ணையைக் கட்டி ஆள முடியுமா? முடியாது. சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் பண்ணையை விற்றார்கள். 417 பவுன் கிடைத்தது.

அப்பா இல்லாத பிள்ளையின் பணம் எத்தனை வீடுகளில் எப்படிக் கரைந்து போயிருக்கிறது என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இந்தப் பெரியவர்கள் நல்லவர்கள். பணத்தை அப்படியே ஒரு மளிகைக் கடையில் போட்டார்கள். 1820-ல் கில்மார்னாக் கடைவீதியில் கடை திறக்கப்பட்டது. கடைக்குச் சொந்தக்காரருக்கு மீசைகூட முளைக்கவில்லை!

குடத்தில் என்ன இருக்கிறது?

அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் விஸ்கிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி கள்ளச் சரக்கு. வரி அதிகம். அதனால் மலைக்காடுகளில் மறைந்து காய்ச்சினார்கள். இரவோடு இரவாகக் குதிரை மேல் ஏற்றிக் கடத்தினார்கள்.

கள்ளச் சரக்கு என்றால் அதில் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. இந்த ஆபத்து இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனால் என்ற விஷம் அதில் கலந்திருந்தது. அத்தனை வீடுகளிலும் அடுப்பு அணைந்தது.

1823-ல் பிரிட்டிஷ் சர்க்கார் சட்டத்தை மாற்றியது. ஆண்டுக்கு 10 பவுன் கட்டினால் லைசென்சு. வரியும் குறைந்தது. காட்டில் காய்ச்சியவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குள் வந்து லைசென்சு எடுத்தார்கள். கடைக்காரர்கள் நல்ல விஸ்கியைப் பகிரங்கமாக வாங்கி விற்கலாம் என்ற நிலை வந்தது.

1825 வாக்கில் ஜான் கடையிலும் ரம், பிராந்தி, ஜின், விஸ்கி எல்லாம் இருந்தன. அப்போது அவர் இருபது வயது வாலிபர்.

காப்பிப்பொடிக் கடை ரகசியம்

ஜான் கடையில் விஸ்கியைவிட முக்கியமான சரக்கு தேயிலை. அந்தக் காலத்தில் தேயிலை சீனாவில் இருந்து கப்பலில் வரும். ஒரு பெட்டியில் இருப்பது நல்ல மணமாக இருக்கும். அடுத்த பெட்டியில் இருப்பது வெறும் கசப்பாக இருக்கும். போன மாதம் வாங்கிய தேயிலை போல இந்த மாதம் இல்லையே என்று வாடிக்கைக்காரர் முகம் சுளிப்பார்.

இதற்கு மளிகைக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பல பெட்டித் தேயிலைகளை அளவு பார்த்துக் கலப்பார்கள். எந்த மாதம் வந்தாலும் ஒரே ருசி இருக்கும்படி செய்வார்கள்.

நம் ஊர்க் காப்பிப்பொடிக் கடையை நினைத்துப் பாருங்கள். பீபெரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு என்று கொட்டையைக் கலந்து அரைக்கிறார்கள். காசு குறைவாக இருந்தால் சிக்கரி கொஞ்சம் கூடும். கெட்டியாக வேண்டும் என்கிறவருக்கு ஒரு கணக்கு. மணம் வேண்டும் என்கிறவருக்கு வேறு கணக்கு. ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். அடுத்த முறை கடைக்காரர் கேட்காமலே அதே பொடியைக் கொடுப்பார்.

இதே வேலையைத்தான் அக்காலத்து ஸ்காட்லாந்து மளிகைக்காரர்கள் விஸ்கியிலும் செய்தார்கள். ஜான் வாக்கர் அதில் கை தேர்ந்தவர்.

விஸ்கிக்குக் கலப்பு ஏன் தேவைப்பட்டது? அதைத் தெரிந்துகொள்ள, விஸ்கி எப்படி உண்டாகிறது என்று பார்க்கவேண்டும்.

பார்லியைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். நம் வீட்டில் கேழ்வரகு முளை கட்டுவது போல முளைக்க விடுவார்கள். முளைத்த பார்லிக்கு மால்ட் என்று பெயர். அதைச் சூட்டில் உலர்த்துவார்கள். சில ஊர்களில் சதுப்பு நிலத்தில் வெட்டி எடுத்த மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் உலர்த்துவார்கள். அந்த ஊர் விஸ்கியில் புகை வாசனை தூக்கும். பிறகு அரைத்து, வெந்நீரில் கரைத்து, புளிக்க வைத்து, செப்புப் பாத்திரத்தில் வடிப்பார்கள். வடிந்து வருவது தண்ணீர் போல நிறமே இல்லாமல் இருக்கும். ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்தால்தான் நிறமும் இனிப்பும் ஏறும்.

ஊர் மாறினால் ருசி மாறும். பீப்பாய் மாறினாலும் ருசி மாறும். ஒன்று முரட்டுப் புகை. இன்னொன்று தேன் போல இனிப்பு. ஒரே தொழிற்சாலையின் இரண்டு பீப்பாய்கள்கூட அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஒன்று போல இருக்காது.

ஜான் இவற்றைக் கலந்தார். புகையை இனிப்பு அடக்கியது. முரட்டுச் சரக்கை மெல்லிய சரக்கு சமன் செய்தது. அவர் கடையில் விற்றதற்கு வாக்கரின் கில்மார்னாக் விஸ்கி என்று பெயர் ஏற்பட்டது.

1830-ல் இன்னொரு மாறுதல் வந்தது. ஏனியஸ் காபி என்ற அயர்லாந்துக்காரர், ஓயாமல் வடித்துக்கொண்டே இருக்கும் ஒரு புது யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் வரி வசூல் அதிகாரியாக இருந்தவர். சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவரே சாராய யந்திரம் கண்டுபிடித்தது வேடிக்கைதான். இந்த யந்திரத்தில் மற்றத் தானியங்களில் இருந்து லேசான விஸ்கி மலிவாகக் கிடைத்தது. பிற்காலத்தில் மால்ட் விஸ்கியோடு இதைச் சேர்த்தபோதுதான், சாதாரணச் சம்பளக்காரனும் வாங்கும் விலைக்கு விஸ்கி இறங்கியது.

மதராஸில் ஒரு கடை

ஜானுக்கு 21 வயது நடந்துகொண்டிருந்தபோது, இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் நம்முடைய மதராஸில் கடை வைத்தார். அவர் பெயர் ஆங்கஸ் மெக்டவல். ஆண்டு 1826. கோட்டைக்குப் பக்கத்தில் கிடங்கு. சீமையில் இருந்து கப்பலில் வரும் ஒயினும் சாராய வகைகளும் சுருட்டும் அங்கே கிடைத்தன. வாங்கியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்கள்.

சாதாரணச் சிப்பாய்க்கு அந்த விலை கட்டுப்படி ஆகாது. அந்த நாளில் பூந்தமல்லியில் ஒரு ராணுவ டிப்போ இருந்தது. கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து தங்குவார்கள். வெயில் புதிது. மண் புதிது. துரைக்குச் சீமைச் சரக்கு என்றால், சிப்பாய்க்கு இந்த நாட்டுச் சாராயம். நாக்கு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பை வேறு.

கடை பெருகியது

ஜான் 1833-ல் எலிசபெத் பர்வஸ் என்ற பெண்ணை மணந்தார். 1837-ல் மகன் பிறந்தான். தாத்தா பெயரையே வைத்தார்கள். அலெக்சாண்டர்.

1843-ல் கில்மார்னாக்குக்கு ரெயில் வந்தது. அதுவரை ஊர்க்காரர்களுக்கு மட்டும் விற்ற கடைகள் வெளியூருக்கும் சரக்கு அனுப்பலாம் என்று ஆயிற்று. ஜானின் கடையும் வளர்ந்தது. முப்பது ஆண்டு உழைப்பு அந்தக் கிடங்கில் அடுக்கி இருந்தது.

வெள்ளம்

1852-ல் கில்மார்னாக்கில் பெரு வெள்ளம் வந்தது. ஆறு கரை உடைத்து ஊருக்குள் புகுந்தது. ஜான் வாக்கரின் சரக்கு முழுவதும் நாசம் ஆயிற்று.

சென்னைக்காரர்களுக்கு இந்தத் துக்கம் புரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் புகுந்து, மூட்டைகள் ஊறி வீணாகப் போனதைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். மளிகைக்காரனுக்குச் சரக்குத்தான் முதல். அது போனால் எல்லாம் போனது மாதிரி.

ஜானுக்கு அப்போது வயது 47. மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினார். கடையை நிமிர்த்தினார். சரக்கு போனாலும் பெயர் போகவில்லை. வாக்கர் கடையில் வாங்கினால் ஏமாற்றம் இல்லை என்ற பேச்சு ஊரில் இருந்தது. அதை வெள்ளம் கொண்டுபோகவில்லை.

மகன் அலெக்சாண்டர் கிளாஸ்கோ நகரத்தில் ஒரு தேயிலை வியாபாரியிடம் வேலை கற்றுக்கொண்டு வந்து அப்பாவோடு சேர்ந்தார். மகன் கையில் கடையை ஒப்படைத்த சிறிது காலத்தில், 1857-ல், ஜான் வாக்கர் இறந்தார். வயது 52.

அவர் காலத்தில் கடை வருமானத்தில் விஸ்கியின் பங்கு நூற்றுக்கு எட்டுத்தான். மீதி எல்லாம் மற்றச் சரக்குகள். தன் பெயர் சாராயப் புட்டியில் நிலைக்கும் என்று அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்க நியாயம் இல்லை.

மகன் செய்த மாறுதல்

அலெக்சாண்டர் அப்பாவைவிடத் துணிச்சல்காரர். 1860-ல் ஒரு சட்டம் வந்தது. வரி கட்டுவதற்கு முன்பே, சர்க்கார் பூட்டுப் போட்ட கிடங்கில், மால்ட் விஸ்கியையும் தானிய விஸ்கியையும் கலக்கலாம் என்று அது அனுமதித்தது. கலப்பு வியாபாரம் பெரிதாக நடக்க வழி பிறந்தது.

1867-ல் அலெக்சாண்டர் தன் கலவைக்குப் பழைய மலைநாட்டு விஸ்கி என்று பொருள்படும் பெயரைப் பதிவு செய்தார். புட்டியைச் சதுரமாக்கினார். உருண்டைப் புட்டிகளை அடுக்கினால் இடைவெளி விழும். ஆடும், உடையும். சதுரப் புட்டி நெருக்கமாக நிற்கும். ஒரே பெட்டியில் அதிகம் அடங்கும். லேபிளை 24 டிகிரி சாய்த்து ஒட்டினார். சாய்த்து ஒட்டினால் எழுத்தைப் பெரிதாகப் போடலாம். தூரத்தில் இருந்தே கண்ணில் படும். கப்பல் காப்டன்களையே ஏஜெண்டு ஆக்கினார். கப்பல் போன இடம் எல்லாம் புட்டியும் போனது.

1889-ல் அலெக்சாண்டர் இறந்தார். அவர் காலத்தின் முடிவில் வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விஸ்கியில் இருந்து வந்தது. மளிகைக் கடை மறைந்து போயிற்று.

பிறகு பேரன்கள் வந்தார்கள். மக்கள் புட்டியின் நீளமான பெயரைச் சொல்லாமல் லேபிளின் நிறத்தைச் சொல்லிக் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்தார்கள். 1909-ல் நிறத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். சிவப்பு லேபிள் ஒரு விலை. கறுப்பு லேபிள் அதைவிடக் கூட. எழுத்துத் தெரியாதவனும் தன் காசுக்கு ஏற்றதைக் கைகாட்டி வாங்கலாம்.

அதற்கு முந்திய ஆண்டுதான் அந்தப் பிரபலமான படம் வந்தது. நீண்ட தொப்பி, சிவப்புக் கோட்டு, கையில் தடி, வீச்சு நடை. வரைந்தவர் டாம் பிரவுன். ஜான் இறந்து பதின்மூன்று ஆண்டு கழித்துப் பிறந்தவர் அவர்! ஜானை அவர் பார்த்ததே இல்லை. ஜானி என்ற செல்லப் பெயர் ஊர் ஊராகப் பரவியதும் அப்போதுதான்.

அம்பத்தூரில் வாங்குகிறவர்

நம் மாநிலத்தின் கதை வேறு. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் எழுந்த 1960-களில் இங்கே சாராயக் கடையே கிடையாது. மதுவிலக்கு 1971-ல் தளர்ந்து, 1974-ல் மறுபடி வந்து, 1981-ல் மீண்டும் விலகியது. 2003-ல் இருந்து சில்லறைக் கடையையும் சர்க்காரின் டாஸ்மாக்கே நடத்துகிறது.

ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி கவுண்டரில் நின்று கேட்கும் விஸ்கி பெரும்பாலும் பார்லியில் இருந்து வந்தது அல்ல. கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகுதான் இந்தியாவில் மலிவு விஸ்கிக்கு மூலப்பொருள். அந்தப் பாகைப் புளிக்க வைத்து, வாசனை இல்லாத சாராயமாக வடித்து, அதில் மால்ட் விஸ்கி கொஞ்சமோ, வாசனையோ, நிறமோ சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் இதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. விலை ஏற ஏற மால்ட் கூடும். ஸ்காட்லாந்தில் இருந்து மொத்தமாக வரும் விஸ்கியும் சிலவற்றில் சேரும். பார்லியை மட்டும் கொண்டு இந்தியாவில் தயாராகும் நல்ல மால்ட் விஸ்கிகளும் இப்போது உண்டு. விலைதான் எட்டாது.

காசு கொடுக்கிறவர் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு கணக்கு லேபிளிலேயே இருக்கிறது. இந்திய விஸ்கியில் மது அளவு சாதாரணமாக நூற்றுக்கு 42.8. மலிவுப் புட்டியிலும் அதே அளவு. விலை உயர்ந்த இந்தியப் புட்டியிலும் அனேகமாக அதே அளவு. சீமை விஸ்கியில் பெரும்பாலும் 40-தான். அதிக விலைக்கு அதிக போதை என்று நினைப்பவர் ஏமாந்து போகிறார். கூடுதல் காசு ருசிக்கும் பீப்பாயில் கிடந்த காலத்துக்கும் போகிறது. அதைவிட அதிகமாக வரிக்குப் போகிறது. சீமை விஸ்கிக்கு இந்தியாவில் நெடுங்காலம் சுங்க வரி 150 சதவிகிதம். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தம், அதை முதலில் 75 ஆகவும், பத்து ஆண்டில் 40 ஆகவும் குறைக்க வகை செய்தது.

லேபிளில் 12 ஆண்டு என்று போட்டிருந்தால், கலவையில் சேர்ந்த விஸ்கிகளில் மிக இளையதற்கு வயது 12 என்று அர்த்தம். ஸ்காட்லாந்து விஸ்கி குறைந்தது மூன்று ஆண்டு பீப்பாயில் இருந்தே ஆகவேண்டும். புகை வாசனை பிடிக்காதவர் எவ்வளவு விலை கொடுத்துப் புகை விஸ்கி வாங்கினாலும் பயன் இல்லை. அவருக்குப் பிடித்தது பாதி விலையில் பக்கத்துத் தட்டிலேயே இருக்கலாம். நண்பர் வாங்கினார் என்பதற்காக நாமும் அதையே வாங்குவதைப் போல அசட்டுத்தனம் வேறு இல்லை. அரிசியைக்கூட நாம் அப்படி வாங்குவது இல்லை.

முழுப் புட்டி 750 மில்லி. குவார்ட்டர் 180 மில்லி. தினமும் ஒரு குவார்ட்டர் என்றால் மாதத்தில் ஏழு முழுப் புட்டிக்கு மேல் ஆகிறது. இந்தக் கணக்கை வீட்டில் உள்ளவர்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருப்பார்கள்.

ஊரை விட்டுப் போன பெயர்

ஜானின் ஊருக்கு என்ன ஆயிற்று?

கில்மார்னாக்கில் அந்த விஸ்கியைப் புட்டியில் அடைக்கும் பெரிய தொழிற்சாலை இருந்தது. ஊரில் அப்பா, பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை பார்த்தார்கள். நாளடைவில் கம்பெனி பல கை மாறி, டியாஜியோ என்ற பெரிய கம்பெனியின் சொத்தாகி இருந்தது. 2009-ல் அந்தத் தொழிற்சாலையை மூடப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. சுமார் 700 பேருடைய வேலைக்கு ஆபத்து. ஊரே திரண்டு தெருவில் ஊர்வலம் போனது. பலிக்கவில்லை. 2012-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

பதினாலு வயதுப் பையனின் 417 பவுனைக் கொண்டு திறந்த கடைக்கு அப்போது 192 வயது. விஸ்கி வேறு ஊர்களில் இருந்து தயாராகி வருகிறது. புட்டியில் ஜானி வாக்கர் நடந்துகொண்டே இருக்கிறார். கில்மார்னாக்கில் அவர் இல்லை.